நீர்த்தாரை வியாதிகள்: வலி நின்றால் வியாதி தீர்ந்ததாகாது

மதுரை மாநகரின் மேற்பகுதியில், தேனிச் சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்குமிடத்திற்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்னும் சொல் செங்கல் அல்லது சுண்ணாம்பு சுடும் சூளையைக் குறிக்கும் என்பதைப் பாண்டி நாட்டுக் கிராமவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்விடம் இப்பொழுது கடைகளும் வாகனங்களும் நெருங்கிய நாற்சந்தியாய் விளங்குகிறது. ஆயினும் நகரைச் சூழ்ந்த சமவெளியில் சூளை வேலையும் வயல் வேலையும் கட்டட வேலையும் செய்து ஜீவிப்போர் மிகப் பலர். சித்திரை, வைகாசி மாதங்களில் இப்பிரதேசத்தின் வெப்பம் பாரன்ஹீட் 100 பாகைக்கு மேற்செல்வது வழக்கம். சூளையின் அருகில் நிற்பவனுக்கோ வெயிலின் உஷ்ணத்தோடு நெருப்பின் உஷ்ணமும் சேருகிறது. உடலிலுள்ள ஜலம் வியர்வையாக வெளியேறிவிட, சிறுநீர் அளவிற் குறைந்து, நிறம் முதிர்ந்து, எரிச்சலுடன் இறங்குகிறது. கல்லடைப்புக்கு அதுவே முதற்படி.

கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு, முதியோர்க்கு நேரும் நீரடைப்பு, சிறுநீரில் இரத்தம் கலந்து வருதல் ஆகிய இந்நான்கும் கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படும் நீர்த்தாரை வியாதிகளாகும். இவற்றுள் பெரும்பாலானவை காலத்தில் கண்டறியப்பட்டால் எளிதில் குணமாகக்கூடியவை. அவ்வாறிருந்தும் இவற்றால் சிறுநீரகத்தை இழப்போர் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வெட்கம். மறைவான உறுப்பைப் பற்றியது என்று கருதி, கணவன் மனைவியிடத்தும் தாய் மகனிடத்தும் சொல்லாமல் மறைத்துவிடுகின்றனர். இரண்டாவது, வலியையே வியாதியின் அளவுகோலாகக் கொள்ளும் தவறான எண்ணம். வலி அதிகமானால் வியாதி அதிகமென்றும், வலி நின்றால் வியாதி தீர்ந்ததென்றும் ஜனங்கள் நம்புகின்றனர். வேறு பல வியாதிகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். நீர்த்தாரை வியாதிகளுக்குப் பொருந்தாது. அதற்குரிய காரணத்தைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

கலுங்கு இல்லாத கண்மாய்

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் அமைந்திருக்கின்றன. கிராமத்தில் இவற்றைக் குண்டிக்காய் என்பர். ஒவ்வொன்றும் 4 முதல் 5 அங்குல நீளமுள்ளது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் இரத்தத்தினின்று இங்கு வடிகட்டப்படுகிறது. அதில் மிகப் பெரும்பாகத்தை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் ஏறக்குறைய 10 அங்குல நீளமுள்ள ஒரு மெல்லிய குழாய் கீழிறங்கி மூத்திரப்பையில் சேருகிறது. மூத்திரப்பையிலிருந்து வெளியே செல்லும் தாரை ஆண்களுக்கு நீண்டும் பெண்களுக்குக் குறுகியும் இருக்கும்.

இவ்வமைப்பைக் கண்மாயும் மடையும் வாய்க்காலும் கொண்ட பாசனத்துக்கு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. மடை அடைபட்டால் கண்மாயின் மிகைநீர் கலுங்கு வழியே வழிந்துபோம், கரை தப்பும். உடலிலோ கலுங்கு கிடையாது. குழாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டால் மேலிருந்து வரும் நீர் பின்வாங்கிச் சிறுநீரகத்தையே வீங்கச் செய்கிறது. அவ்வீக்கத்தின் தொடக்கத்தில்தான் தாங்கமுடியாத வலி உண்டாகிறது. சில நாட்களில் சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, நீர் ஊறுவது குறைகிறது, அழுத்தம் தணிகிறது, வலியும் மறைகிறது. நோயாளி தான் பிழைத்ததாக மகிழ்கிறார். உண்மையில் மறைந்தது வலி மாத்திரமே. கல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மற்றொரு சிறுநீரகம் இரண்டின் வேலையையும் தானே சுமந்துகொள்வதால் சிறுநீரின் அளவும் குறைவதில்லை. இவ்வாறு முழு அடைப்பு பல வாரங்கள் நீடிக்குமாயின், பின்னர் கல்லை எடுத்தாலும் அச்சிறுநீரகம் பழைய சக்தியை முற்றும் பெறுவதில்லை.

கல்லடைப்பு

இந்தியாவில் மூத்திரக் கல் உண்டாகும் காரணத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் ஸர் ராபர்ட் மக்காரிஸன். அவர் நீலகிரியிலுள்ள குன்னூரில் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், பெரும்பாலும் தானிய மாவே கொண்ட குறைபாடான ஆகாரத்தை உண்ட எலிகளுக்கு மூத்திரப்பையில் கற்கள் உண்டாயின. அதே ஆகாரத்தோடு போதிய பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது கற்கள் உண்டாகவில்லை. இவ்வாராய்ச்சியைப் பற்றிய அவரது சொற்பொழிவு 1931-இல் வெளியாயிற்று. அக்காலத்தில் பாலும் சத்துணவும் கிடைக்காத ஏழைக் குழந்தைகளின் மூத்திரப்பையிற் காணப்பட்ட கல் இப்பொழுது அரிதாகிவிட்டது. இப்பொழுது அதிகமாகக் காணப்படுவது வளர்ந்தோரின் சிறுநீரகத்தில் உண்டாகும் கல். அவற்றுள் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சத்தும் ஆக்ஸாலிக் அமிலமும் சேர்ந்து உறைந்தவை.

கல்லடைப்பின் வலி விலாவின் பின்புறத்தில் திடீரெனத் தோன்றி, அடிவயிறும் தொடையிடுக்கும் வரை இறங்கும். அலையலையாக எழுந்து தணியும். வாந்தியும் உண்டாகும். நோயாளி ஓரிடத்தில் அசையாது படுத்திருக்க முடியாமல் புரளுவார். சிறுநீரில் இரத்தம் கலந்திருக்கலாம். இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கானும் செய்விப்பார். கல்லின் அளவையும் அது நிற்குமிடத்தையும் துல்லியமாக அறிவதற்குச் சி.டி. ஸ்கான் சிறந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகங்களின் சக்தியை மதிப்பிடுவர். ஒரு சிறுநீரகம் கெட்டு மற்றொன்று நன்றாக வேலை செய்தால் இவ்வளவு ஏறக்குறையச் சரியாகவே காட்டக்கூடும். ஆதலால் இரத்தப் பரிசோதனை ஒன்றையே நம்பி ஸ்கானைத் தவிர்ப்பது சரியன்று.

சிகிச்சை, கல்லின் அளவைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே வெளியேறிவிடும். அதுவரையில் வலியைத் தணிக்க மருந்து கொடுப்பர். குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் கல்லுக்கு அக்குழாயைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதுண்டு. 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் தானே வெளிவருவது அரிது. அத்தகைய கல்லை உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைகளால் நொறுக்கும் முறை 1980-இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குக் கையாளப்பட்டது. நீர்த்தாரை வழியே மெல்லிய உள்நோக்குக் குழாயைச் செலுத்தி லேசர் கதிரால் கல்லைப் பொடியாக்குவது மற்றொரு முறை. சிறுநீரகத்திலுள்ள 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெருங்கல்லை முதுகுப்புறத்தில் சிறு துவாரமிட்டு எடுப்பர். முற்காலத்தைப் போல் விலாவை நீளக் கீறும் ரணசிகிச்சை இப்பொழுது பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஆகையால் கத்திக்கு அஞ்சி ஆஸ்பத்திரியைத் தவிர்க்க வேண்டுவதுமில்லை.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, வலி நின்றபின் கல் வெளியேறிவிட்டதா என்பதை மறுமுறை ஸ்கான் செய்து நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். சிறுநீரை மெல்லிய துணியில் வடிகட்டி, கிடைக்கும் கல்லை டாக்டரிடம் கொடுத்தால் அது இன்ன வகைக் கல் என்று சோதித்துச் சொல்வர். யூரிக் அமிலக் கல்லாயின் அதை மருந்தினாலேயே கரைத்துவிட முடியும். இரண்டாவது, கல்லை எடுத்தபின் நீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிலருக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்புவர். இதை டி.ஜே. குழாய் என்பர். சில வாரங்களில் மீண்டும் சென்று அதை எடுத்துவிட வேண்டும். வலி போயிற்றே என்று அக்குழாயை மறந்துவிடுவோர் உண்டு. நாளடைவில் அதன்மேலேயே கல் படிந்து, முந்திய வியாதியிலும் பெரிய வியாதியாக முடியும். குழாய் வைத்த தேதியையும் எடுக்கவேண்டிய தேதியையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்தல் நன்று. மூன்றாவது, வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குதல் பெருங்கேடு. வெயிலில் ஜலம் வற்றிய உடலில் வலிநிவாரண மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரே தாக்குகின்றன.

வாழைத்தண்டும் நெருஞ்சிலும் சிறுபீளையும் கல்லடைப்புக்கு நாட்டில் வழங்கிவரும் பொருள்கள். வாழைத்தண்டைக் கறியாகச் சமைத்து உண்பதில் யாதொரு குற்றமுமில்லை. குழாயை அடைத்து நிற்கும் பெருங்கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி மாதங்களைக் கழிப்பதே குற்றம். அம்மாதங்களில்தான் சிறுநீரகம் வலியின்றி அழிகிறது.

கல் மீண்டும் வராமல் தடுப்பதற்கு முதன்மையான மருந்து ஜலமே. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமாறு ஜலம் அருந்தவேண்டும். வெயிலிலும் சூளையிலும் வேலை செய்வோர் அதற்கு வேண்டிய ஜலத்தோடு வியர்வையில் இழப்பதற்கும் ஈடாகப் பருகவேண்டும். அளந்து பார்க்க இயலாதோர் சிறுநீரின் நிறத்தைக் கவனித்தால் போதும். வெளிறிய நிறமாயிருப்பின் ஜலம் போதும், தேன் நிறமாயிருப்பின் போதாது. உப்பையும் ஊறுகாய் கருவாடு முதலியவற்றையும் குறைத்தல் வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு நல்லது. கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்று கேட்டுப் பாலையும் மோரையும் நிறுத்துவோர் பலர். இது தவறு. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலேயே ஆக்ஸாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதால், அளவோடு பாலும் மோரும் உண்போருக்குக் கல் உண்டாவது குறைவு. இருதய வியாதியோ சிறுநீரகப் பலவீனமோ உள்ளவர்கள் மாத்திரம் எவ்வளவு ஜலம் குடிக்கலாம் என்பதை டாக்டரைக் கேட்டு நடக்கவேண்டும்.

நீர்ச்சுருக்கு

அடிக்கடி நீர் கழிக்கத் தோன்றுதல், சொட்டுச் சொட்டாக இறங்குதல், எரிச்சல், அடிவயிற்று வலி ஆகியவற்றை நீர்ச்சுருக்கு அல்லது நீர்க்கடுப்பு என்பர். இதை வெறும் உடற்சூடு என்று கருதுவது வழக்கம். ஜலக் குறைவினாலும் சிறிது எரிச்சல் தோன்றலாம். ஆயினும் பெரும்பாலும் இதற்குக் காரணம் குடலில் வாழும் கிருமிகள் நீர்த்தாரை வழியே மூத்திரப்பைக்குள் ஏறுவதாகும். பெண்களின் நீர்த்தாரை ஒன்றரை அங்குல நீளமே உள்ளதாகையால் அவர்களுக்கு இவ்வியாதி அதிகம்.

கிராமத்துப் பெண்களின் நிலைமை இதை மேலும் வளர்க்கிறது. சூளையிலும் வயலிலும் மறைவிடம் இல்லாமையால், காலை முதல் மாலை வரை நீரை அடக்கிக்கொள்கின்றனர். அடக்குவதற்கு அஞ்சி ஜலமே குடியாமல் இருக்கின்றனர். தேங்கிய வாய்க்காலில் பாசி படர்வதுபோலத் தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே வேலை செய்யுமிடத்தில் ஒரு கழிப்பிடம் அமைப்பது ஸ்திரீகளின் மானத்தைக் காப்பதோடு அவர்களுடைய சிறுநீரகத்தையும் காப்பதாகும்.

சிறுநீரைப் பரிசோதித்தால் சீழணுக்கள் காணப்படும். கிருமி இன்னதென்றும் அதைக் கொல்லும் மருந்து இன்னதென்றும் அறிய, மருந்து தொடங்குவதற்குமுன் சுத்தமான பாத்திரத்தில் சிறுநீரைப் பிடித்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவர். முடிவு வர ஏறக்குறைய 2 நாட்களாகும். சாதாரண நீர்ச்சுருக்கு சில நாள் மருந்திலேயே தீரும். எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுதல் இங்கும் அதே பிழையே. எரிச்சல் முதலில் நிற்கும். கிருமிகள் அதன் பின்னரே முற்றும் அழியும். பாதியில் நிறுத்துவதனாலும், முன்பு ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றொருவர் உண்பதனாலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உண்டாகின்றன.

குளிர் நடுக்கத்துடன் ஜ்வரமும் விலாவில் வலியும் கண்டால், கிருமிகள் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டன என்று பொருள். அப்பொழுது தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்கு எவ்வித எரிச்சலும் இன்றியே சிறுநீரில் கிருமிகள் இருக்கக்கூடும். கவனியாது விட்டால் சிறுநீரக ஜ்வரமும் குறைப்பிரசவமும் நேரலாம். இதற்காகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிக்கின்றனர். அச்சோதனையை வீண் என்று கருதி விட்டுவிடலாகாது. காரணம் விளங்காத ஜ்வரத்தால் வருந்தும் சிறு குழந்தைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். ஆண்மகனுக்கு இவ்வியாதி கண்டால், தாரையில் எங்கேனும் அடைப்பு உண்டா என்று ஆராய்வது டாக்டர்களின் வழக்கம். நீரிழிவு உள்ளோர் இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

முதியோர்க்கு நேரும் நீரடைப்பு

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே, தாரையைச் சுற்றி, பிராஸ்டேட் என்னும் கோளம் ஒன்று இருக்கிறது. வாலிபத்தில் கொட்டைப்பாக்களவு உள்ள இக்கோளம் 50 வயதுக்குமேல் பலருக்குப் பருக்கத் தொடங்கித் தாரையை நெருக்குகிறது. நாட்டு வைத்தியத்தில் இதைச் சதையடைப்பு என்பர். நீர் உடனே இறங்காமை, தாரை மெலிதல், விட்டுவிட்டு வருதல், முடிந்தபின்னும் மீதி இருப்பதாகத் தோன்றுதல், இரவில் பலமுறை எழுந்திருத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். வயதானால் இப்படித்தான் என்று பெரியவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர்.

இவ்வியாதி இரண்டு விதமாக முற்றும். ஒன்று, திடீரென நீர் முழுவதும் அடைபட்டு அடிவயிறு புடைத்து வலியால் துடித்தல். இதற்கு உடனே ஆஸ்பத்திரியில் ரப்பர்க் குழாயைச் செலுத்தி நீரை வடிப்பர். ஜலதோஷத்துக்குக் கடையில் விற்கும் சில மாத்திரைகள் இத்தகைய அடைப்பை உண்டாக்கக்கூடும். ஆதலின் தாரை மெலிந்த முதியோர் அவற்றைத் தாமே வாங்கி உண்ணலாகாது. மற்றொன்று, வலியே இல்லாமல் மூத்திரப்பை மெல்ல மெல்ல விரிந்து, நிறைந்த குடத்திலிருந்து வழிவதுபோல் சிறுநீர் தானே கசிதல். பெரியவர் தம்மையறியாமல் இரவில் படுக்கையை நனைப்பதே இதன் அடையாளம். வீட்டார் இதை மூப்பின் தளர்ச்சி என்று எண்ணி, இரவில் ஜலம் கொடுப்பதைக் குறைத்துவிடுகின்றனர். உண்மையில் அது இரண்டு சிறுநீரகங்களும் ஒருங்கே வீங்கிவரும் நிலைமையாக இருக்கலாம். துடிக்கச் செய்யும் முதல் வகையைக் காட்டிலும் துடிக்காத இரண்டாம் வகையே சிறுநீரகங்களுக்கு அபாயகரமானது.

டாக்டர் கோளத்தை விரலால் தொட்டுப் பார்த்து அதன் பருமனையும் கடினத்தையும் அறிவார். நீர் கழித்தபின் மூத்திரப்பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்பதை ஸ்கான் காட்டும். கிரியாட்டினின் பரிசோதனையும், புற்றுநோய் சந்தேகமிருப்பின் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்வர். சாதாரண வீக்கம் புற்றுநோய் அன்று. தாரையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்து சில நாட்களிலேயே பயன் தரும். அதை உண்போருக்கு எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல் வரலாமாதலால் இரவில் படுக்கையினின்று மெதுவாக எழவேண்டும். கோளத்தைச் சுருக்கும் பினாஸ்டரைடு போன்ற மருந்தின் பயன் தெரிய ஏறக்குறைய 6 மாதங்களாகும். மருந்தால் தீராதபோது, வெளியில் கீறாமல் தாரை வழியாகவே கருவியைச் செலுத்தி நெருக்கும் சதையைச் செதுக்கி எடுப்பர்.

வலியின்றி வரும் இரத்தம்

வலியோடு இரத்தம் வந்தால் ஜனங்கள் பயந்து ஓடுகின்றனர். வலியின்றி ஒருநாள் சிவப்பாக நீர் இறங்கி மறுநாள் தெளிந்துவிட்டால் மறந்துவிடுகின்றனர். முறையாகப் பார்த்தால் அதிகம் பயப்படவேண்டியது இரண்டாவதற்கே. மூத்திரப்பையிலோ சிறுநீரகத்திலோ தோன்றும் புற்றுநோய் பலருக்கு இவ்வாறே தன்னை முதன்முதல் தெரிவிக்கிறது. இரத்தம் தானே நின்றுவிடும். பல மாதங்கள் கழித்து மீண்டும் தோன்றும். அதற்குள் நோய் வேரூன்றிவிடும். பீடியும் சிகரெட்டும் புகைப்போருக்கு மூத்திரப்பைப் புற்றுநோய் மற்றோரைக் காட்டிலும் 2 அல்லது 3 மடங்கு அதிகமாக வருகிறது. சாயப் பொருள்களிற் சிலவும் இதற்குக் காரணமாகும்.

ஸ்கான் செய்வதோடு, ஒளியுள்ள மெல்லிய குழாயை மூத்திரப்பைக்குள் செலுத்தி நேரிற் பார்ப்பதே இதைக் கண்டறியும் முறை. ஆரம்ப நிலையில் கண்டால் அந்தக் குழாயின் வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். காசநோய்த் தடுப்புக்காகக் குழந்தைகளுக்குக் குத்தப்படும் பி.சி.ஜி. மருந்தையே மூத்திரப்பைக்குள் செலுத்திச் சிலருக்கு நோய் திரும்பாமல் தடுக்கின்றனர். பீட்ரூட் கிழங்கை உண்டாலும், காசநோய்க்குரிய ரிபாம்பிசின் மாத்திரையை உண்டாலும் சிறுநீர் சிவக்கும்; அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் சிவப்பு எதனால் என்பதைத் தாமே முடிவு செய்யாமல் பரிசோதனையால் நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும்.

தாமதம் கூடாத சமயங்கள்

கீழ்க்கண்ட ஐந்து நிலைமைகளில் மறுநாள் பார்க்கலாம் என்று இருத்தல் தகாது.

1. கல்லடைப்பு வலியோடு ஜ்வரமும் நடுக்கமும் காணல். அடைபட்ட நீரில் கிருமி பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கே அபாயம்.

2. நீர் கழிக்க முடியாமல் அடிவயிறு புடைத்தல், அல்லது சிறுநீர் அடியோடு நின்றுபோதல்.

3. ஒரே சிறுநீரகம் உடையவருக்குக் கல்லடைப்பு நேரிடல்.

4. சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வருதல்.

5. சிறுவனுக்கோ வாலிபனுக்கோ விரையில் திடீரென வலியும் வீக்கமும் உண்டாதல். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரணசிகிச்சை செய்தாலன்றி அதைக் காப்பது கடினம். பையன் வெட்கத்தால் சொல்லாதிருப்பதே இதில் பெருந்தடை.

இச்சமயங்களில் 108 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். மதுரைப் பிரதேசத்தாருக்குப் பனகல் சாலையிலுள்ள அரசினர் இராஜாஜி ஆஸ்பத்திரி உதவும். முன்னர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய இது, 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. நீர்த்தாரை வியாதிகளுக்குத் தனிப் பிரிவும் அங்கு உண்டு.

சங்கங்கள் செய்யக்கூடியவை

சிறுநீரகங்கள் முற்றும் கெட்டவருக்கு வாரத்தில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தி செய்யவேண்டும். சிகிச்சைக்குப் பணம் வேண்டாத இடத்திலும், போக்குவரத்துக்கும் துணையாளுக்கும் செலவாவதோடு கூலியும் போகிறது. உழைப்பாளியின் குடும்பம் நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் நிலைமை இவ்வாறே உண்டாகிறது. கடனைக் கொடுத்து வசூலிக்கும் சங்கத்துக்கு, அங்கத்தினரின் ஆரோக்கியமும் ஒரு மூலதனமே. பின்வரும் காரியங்களுக்குப் பெருஞ்செலவு பிடிக்காது.

வேலை நடக்குமிடங்களில் நிழலில் ஜலப் பானைகள் வைப்பதற்கும், மணிக்கொரு முறை ஜலம் அருந்த வேலையாட்களுக்குச் சிறிது நேரம் விடுவதற்கும் சூளை முதலாளிகளையும் நிலச்சொந்தக்காரர்களையும் சங்கத்தார் இணங்கச் செய்யலாம். பெண்கள் வேலை செய்யுமிடந்தோறும் மறைவான கழிப்பிடம் ஒன்று அமைப்பதற்கு முயலலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சங்கக் கட்டடத்திலேயே 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்விக்கலாம். இதற்கு வேண்டியது ஒரு சிறு கிண்ணம் சிறுநீரும் இரசாயனம் பூசிய ஒரு தாளுமே. முடிவுகளை அவரவரிடம் மாத்திரம் தனித்துச் சொல்லவேண்டும். வெட்கத்தால் ஒதுங்குவோர் அப்பொழுதுதான் முன்வருவர்.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள அங்கத்தினர்கள் நோய் வருமுன்னரே தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சங்கத்தின் காரியதரிசி உதவலாம். வலியில் துடிக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைவதிற் பயனில்லை. 2025 பிப்ரவரி 24-இல் கூட்டுறவுத் துறையின் மூலம் 1000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன. பிராஸ்டேட் வீக்கம், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நெடுநாள் மருந்து உண்போர், டாக்டரின் சீட்டைக் காட்டி இத்தகைய கடைகளில் குறைந்த விலைக்கு மருந்து கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது, இவ்வியாதிகளைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் கூச்சமின்றிப் பேசுவது. கண்மாயில் நீர் வற்றினாலும் மடையில் நீர் கசிந்தாலும் ஊரார் கூடி ஆலோசிக்கின்றனர். உடலின் மடை அடைபடும்போது மாத்திரம் ஒருவர் தனியே மறைத்துக்கொண்டு வருந்துவானேன்? சிறுநீரின் அளவிலும் நிறத்திலும் தாரையிலும் மாறுதல் கண்டவர், வலி இருப்பினும் இல்லாவிடினும், அவ்வாரத்திற்குள் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். வலி வந்து போனவர், ஸ்கான் செய்து கல் போயிற்றா என்று பார்த்த பின்னரே வியாதி போயிற்று என்று சொல்லவேண்டும்.